கடைக் கியோஸ்க்கா, பிரிண்ட் கடையா, ஆன்லைனா, வீட்டுப் பிரிண்டரா? எதை எங்கே அச்செடுப்பது

ஃபோனில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. அதில் ஒரு இருபதையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அல்லது நாளைக் காலைக்குள் ஒரு படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும், வீட்டில் பிரிண்டர் இல்லை. இரண்டிலும் வருகிற குழப்பம் ஒன்றுதான். கடைகளில் நிற்கும் அந்தத் தொடுதிரைக் கியோஸ்க்கில் நாமே போட்டுக்கொள்ளலாமா? ஆள் இருக்கும் பிரிண்ட் கடைக்குப் போவது நல்லதா? ஆன்லைனில் ஆர்டர் கொடுத்துவிடலாமா? இல்லை, பேசாமல் ஒரு பிரிண்டரையே வாங்கிப் போட்டுவிடலாமா?

இதைக் கேட்கிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்: ஒரு பிரிண்ட் எங்கே எவ்வளவு. அந்தக் கணக்கும் தேவைதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு என்பது என் கட்சி. தாள் வெளியே வருவதற்குள் தப்பை யார் பிடிக்கப் போகிறார்கள்? கியோஸ்க்கில் நீங்கள் மட்டும்தான். பிரிண்ட் கடையில் கடைக்காரரும் பார்க்கிறார். ஆன்லைனில் பார்சலைப் பிரிக்கும்வரை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் நீங்கள்தான், ஆனால் பிடிக்கும்வரை திருப்பித் திருப்பிப் போடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நேரம். இயந்திரம் எத்தனை நொடியில் துப்புகிறது என்பது மட்டுமல்ல. போய் வருவது, வரிசையில் நிற்பது, கோப்பை ஏற்றுவது எல்லாம் சேர்ந்ததுதான் நேரம்.

தரம். படத்துக்கு வேறு, எழுத்துக்கு வேறு. படத்தில் தோலின் நிறமும் நிழலுக்குள் தெரியும் விவரமும் முக்கியம். எழுத்தில் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், ஈரக்கை பட்டால் கலையக் கூடாது. இரண்டையும் ஒரே இயந்திரம் அருமையாகச் செய்வது அபூர்வம்.

முழுச் செலவு. வீணான பிரதி, தபால் கட்டணம், காய்ந்துபோன மை, தேவையில்லாமல் சேர்ந்த கூடுதல் பிரதிகள் எல்லாம் இதில் அடக்கம்.

ரகசியம். கோப்பு எங்கெங்கே தங்கிவிடும்?

திருத்தும் வாய்ப்பு. முதல் பிரதி சரியில்லை என்றால் இரண்டாவது எப்போது, யார் காசில்?

அளவும் தாளும். 4×6 அங்குலம் எல்லா இடத்திலும் கிடைக்கும். கெட்டித் தாள், பைண்டிங், சுவர் அளவுப் படம் என்று போனால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

## எங்கே போட்டாலும் மாறாத மூன்று விஷயங்கள்

இவற்றைக் கவனிக்காமல் இயந்திரத்தைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

முதலாவது, பிக்சல் கணக்கு. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான அளவு. அப்படிப் பார்த்தால் 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800 பிக்சல் போதும், 8×10-க்கு 2400×3000 வேண்டும். இன்றைய ஃபோன் கேமரா எதுவும் இதைத் தாண்டித்தான் எடுக்கிறது. சிக்கல் கேமராவில் இல்லை, படம் வந்த வழியில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. 4×6-க்கு அது ஒப்பேறும். அதையே 8×10-ஆகப் போட்டால் முகத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு மழுங்கல் தெரியும். அனுப்புகிறவரிடம் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொன்னால் படம் சுருங்காமல் வரும்.

இரண்டாவது, நீள அகல விகிதம். ஃபோன் படம் பெரும்பாலும் 4:3. ஆனால் 4×6 தாள் 3:2. முழுத் தாளையும் நிரப்ப வேண்டுமென்றால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியே ஆக வேண்டும். குழுப் படத்தில் அந்த ஒரு பங்கு பெரும்பாலும் பின்வரிசையில் நிற்கும் உயரமானவரின் தலைமுடியாகவோ முன்வரிசைக் குழந்தையின் காலாகவோ இருக்கும். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அடக்கும் ‘ஃபிட்’ வசதி பல இடங்களில் உண்டு. சில ஃபோட்டோ லேப்களில் 4×5.3 அங்குலம் என்றொரு அளவும் இருக்கும். ஃபோன் படத்துக்கென்றே வைத்த அளவு அது.

மூன்றாவது, வெளிச்சம். திரை தானாக ஒளிர்வது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துப் படத்தைத் திருத்தினால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

## ஒன்று: கடையில் உள்ள கியோஸ்க்

ஒரே மாதிரித் திரையைப் பார்த்து எல்லாம் ஒரே இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். உடனடிப் படம் தரும் கியோஸ்க்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது சாயப் பதங்கமாதல் வகைப் பிரிண்டர். அதில் திரவ மை கிடையாது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று அடுத்தடுத்துச் சாயம் பூசிய ரிப்பன் இருக்கும். வெப்பத் தலை அந்தச் சாயத்தைத் தாளுக்குள் ஏற்றும். ஒரே தாள் மூன்று நிறத்துக்கு மூன்று முறையும், மேலே ஒரு தெளிந்த பாதுகாப்புப் படலத்துக்கு நான்காவது முறையும் உள்ளே போய் வரும். அதனால்தான் படம் காய்ந்தே வருகிறது, கைரேகையோ தண்ணீர்த் துளியோ பட்டால் துடைத்துக்கொள்ளலாம். ஆவணம் எடுக்கும் கியோஸ்க் இதற்கு நேர்மாறு. அதன் வயிற்றில் இருப்பது அலுவலக லேசர் இயந்திரம். டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுவது அது. எழுத்துக்கு அருமை, முகத்துக்குச் சுமார். படத்தை ஆவணக் கியோஸ்க்கில் சாதாரணத் தாளில் போட்டுவிட்டு ‘கியோஸ்க் தரமே இவ்வளவுதான்’ என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

இன்னொரு குழப்பம்: சில கியோஸ்க்குகள் வெறும் ஆர்டர் எடுக்கும் திரைகள். சின்ன அளவை அங்கேயே தரும். பெரிய அளவு கேட்டால் உள்ளே இருக்கும் வேறு இயந்திரத்துக்கோ வெளியூர் லேபுக்கோ அனுப்பிவிட்டுப் பிறகு வரச் சொல்லும். காசு கட்டுவதற்கு முன் ‘உடனே’யா ‘பிறகு’வா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்களை ஏற்றுவது. நேரம் போவது இங்கேதான். கேபிளும் மெமரி கார்டும் வேகமானவை. இயந்திரமே கிளப்பும் வைஃபையில் இணைவதும் க்யூஆர் குறியை வருடி அனுப்புவதும் ஐந்தாறு படத்துக்குச் சௌகரியம். இருநூறு படத்துக்குப் பொறுமை வேண்டும். ஐஃபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து படங்கள் ஹெச்இஐசி வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை பென் டிரைவில் அப்படியே போட்டுக்கொண்டு போனால் பழைய கியோஸ்க் ‘படமே இல்லை’ என்று கைவிரிக்கலாம். வீட்டிலேயே ஜேபெக்காக மாற்றி எடுத்துப்போவது பாதுகாப்பு.

கியோஸ்க் தன் செயலியை நிறுவச் சொன்னால், அது முழுப் படத் தொகுப்பையும் பார்க்க அனுமதி கேட்கும். ஐஓஎஸ் 14-லிருந்தும் ஆண்ட்ராய்டு 14-லிருந்தும் ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்று கொடுக்க முடியும். அதையே கொடுங்கள். கியோஸ்க் திரையில் உங்கள் மின்னஞ்சலையோ கிளவுடு கணக்கையோ திறக்கச் சொன்னால், கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். பொது இயந்திரத்தில் பாஸ்வேர்டு அடிப்பது எனக்கு உவப்பே இல்லை.

பென் டிரைவுக்கும் இதே எச்சரிக்கை. நாள் முழுக்க யார் யாரோ செருகிய துளையில் நீங்களும் செருகுகிறீர்கள். வேறு எதுவும் இல்லாத காலி டிரைவில் தேவையான கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் திறக்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். பெரிய எஸ்டி கார்டு என்றால் அதன் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான கருவிகள் அதில் எதையும் எழுதாது.

மறைந்திருக்கும் செலவு. ஒரு பிரிண்ட்டின் விலை கண்ணுக்குத் தெரியும். தெரியாதது திரை முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது. ‘எல்லாப் படங்களும்’ என்று ஏற்கெனவே டிக் போட்டிருக்கலாம். அளவு நீங்கள் நினைத்ததைவிட ஒரு படி பெரிதாக இருக்கலாம். ஒரே காட்சியை ஐந்து முறை எடுத்திருந்தால் ஐந்தும் வரிசையில் நிற்கும். காலண்டர், படம் போட்ட காபிக் கோப்பை, கொலாஜ் என்று நடுவில் எட்டிப் பார்க்கும் திரைகளைத் தாண்டித்தான் பில்லுக்குப் போக முடியும்.

அப்புறம் ‘ஆட்டோ என்ஹான்ஸ்’, அதாவது படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் இயந்திரமே திருத்தும் வசதி. இருட்டாக விழுந்த படத்துக்கு அது உதவும். வேண்டுமென்றே மாலை வெயிலில் எடுத்த படத்தையும் விளக்கொளியில் எடுத்த படத்தையும் வெளுக்கடித்து மதியமாக்கிவிடும். கறுத்த தோலைச் சாம்பல் பூசினது போலாக்குவதும் உண்டு. ஃபோனிலேயே படத்தைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் இதை அணைத்துவிடுங்கள். வெட்டுச் சட்டத்தையும் இயந்திரம் நடுவில்தான் வைக்கும். ஒவ்வொரு படமாகத் தொட்டு அதை நகர்த்துவது உங்கள் வேலை. பத்துப் படம் என்றால் சிரமமில்லை. நூறு என்றால் முப்பதாவதிலேயே கை தானாக ‘அடுத்து’ பட்டனுக்குப் போய்விடும், அங்கேதான் தலைகள் வெட்டுப்படும்.

ஆவணம் என்றால். பிடிஎஃப் தவிர வேறு எதையும் கொண்டுபோகாதீர்கள். வேர்டு கோப்பு இன்னொரு கணினியில் திறக்கும்போது வரி உடைந்து, பக்கம் நகர்ந்து, கையெழுத்துக் கட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தமிழில் இது இன்னும் மோசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகப் பொருளில்லாமல் கொட்டும். எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பைப் பல இயந்திரங்கள் திறப்பதில்லை. அதையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

அளவிலும் ஒரு கண் இருக்கட்டும். ஏ4 என்பது 210×297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் புழங்கும் ‘லெட்டர்’ தாள் 216×279. ஒன்றுக்காக அமைத்த கோப்பை மற்றொன்றில் போடும்போது இயந்திரம் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று சுருக்கிவிடும். கடிதத்துக்குப் பரவாயில்லை. தையல் அளவு, வரைபடம், அளவுகோல் இருக்கும் படிவம் என்றால் கெட்டது. ‘உண்மை அளவு’ அல்லது ‘100%’ என்பதைத் தேடிப் பிடியுங்கள். இருபக்கம் அச்சடிக்கும்போது தாளைப் புரட்டுவது நீள விளிம்பிலா குறுகிய விளிம்பிலா என்ற கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். நாற்பது பக்கம் இருந்தால் முதல் இரண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடுவது புத்திசாலித்தனம்.

ரகசியம். நகலெடுக்கும் பெரிய இயந்திரங்கள் பலவற்றின் உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கிறது. வேலைகள் அதில் தங்கலாம். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2013-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவத் தகவல் வெளியே போயிருக்கக்கூடும் என்றாகி, அந்நாட்டு சுகாதாரத் துறைக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டித் தீர்த்துக்கொண்டது. இன்றைய இயந்திரங்களில் தகவலைக் குறியாக்கம் செய்யவும் மேலெழுதி அழிக்கவும் வசதி உண்டு. அது இயக்கத்தில் இருக்கிறதா என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை. படக் கியோஸ்க்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது: பயன்படுத்திய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால், சாயம் போன இடங்களெல்லாம் சேர்ந்து படம் நெகட்டிவ்வாகத் தெரியும்.

ஆனால் நடைமுறையில் ரகசியம் போகும் வழி இவ்வளவு நுட்பமானதல்ல. நகல் எடுக்க வந்தவர் மூடியைத் திறந்து அசலைக் கண்ணாடியில் வைத்து, நகலை எடுத்துக்கொண்டு, அசலை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து மூடியைத் திறப்பார். அல்லது வேலை முடிந்ததும் ‘முடி’ பட்டனை அழுத்தாமல் நகர்ந்துவிட, திரையில் அவருடைய படங்கள் வரிசையாக நிற்கும். கிளம்பும்முன் மூடியைத் திறந்து பாருங்கள், திரை முதல் பக்கத்துக்குத் திரும்பும்வரை நில்லுங்கள்.

இதுவே சிறந்தது எப்போது: படம் ஐம்பதுக்குள், அளவு 4×6 அல்லது 5×7, இன்றே வேண்டும். அல்லது ரகசியமில்லாத ஆவணம் பத்துப் பக்கம், பிடிஎஃப் தயார். தப்பு நேர்ந்தால் ஒரு தாள் போகும், அவ்வளவுதான்.

## இரண்டு: ஆள் இருக்கும் பிரிண்ட் கடை

இங்கே கிடைக்கும் உண்மையான பொருள் அனுபவம். ‘இந்தப் படம் இந்த அளவுக்கு வராதுங்க, மங்கலா போயிடும்’ என்று காசு வாங்குவதற்கு முன்னால் சொல்லும் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கெட்டித் தாள், ஸ்பைரல், லேமினேஷன், பெரிய வரைபடம், கிழிந்த பழைய படத்தை ஸ்கேன் செய்து சரிபார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. கியோஸ்க் இவற்றில் பாதியைச் செய்யாது, மீதியை மோசமாகச் செய்யும்.

செலவு பிரதிக்குக் கொஞ்சம் கூடலாம், கூட்ட நேரத்தில் காத்திருக்க வேண்டும். மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்வார்கள். அது கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் நேற்று வந்தவர், போன வாரம் வந்தவர் எல்லோருடைய அடையாள அட்டைகளோடும் சேர்ந்து கிடக்கும். நீங்கள் அனுப்பிய செய்தியை அழித்தாலும் இறக்கிய பிரதி அங்கே இருக்கும். ‘அழிச்சுடுங்க’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீணான பிரதியைக் கசக்கிப் போட்டால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடவும் கூடாது. எழுத்துப்பிழை அவர் பொறுப்பல்ல. முதல் பிரதியைக் கையில் வாங்கி, பெயர், தேதி, எண் மூன்றையும் படித்துவிட்டு ‘சரி, போடுங்க’ சொல்லுங்கள்.

இதுவே சிறந்தது எப்போது: வேலை வழக்கமான அளவில் இல்லை, தப்பானால் நஷ்டம் பெரிது, அல்லது கணினி பழக்கமில்லாதவருக்காக எடுக்கிறீர்கள். வயதான ஒருவரைத் தனியாகக் கியோஸ்க் முன் நிறுத்துவது உதவியல்ல.

## மூன்று: ஆன்லைன் ஆர்டர்

பெரிய ஃபோட்டோ லேப்கள் பலவற்றில் இன்றும் ஒளியுணர் தாள்தான். படத்தை லேசரோ எல்இடியோ கொண்டு வெள்ளி உப்புப் பூசிய தாளில் விழவைத்து, ரசாயனத்தில் கழுவி எடுப்பார்கள். ஃபிலிம் காலத்துத் தாளின் வாரிசு அது; நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நிறம் படிப்படியாக மாறுவது அதில் அழகாக இருக்கும். எண்ணிக்கை கூடக்கூடப் பிரதியின் விலை குறையும். இருநூறு படம் போட வேண்டும், அவசரமில்லை என்றால் இதற்கு ஈடு கிடையாது. சுவர் அளவு, ஆல்பம், கேன்வாஸ் இவற்றுக்கும் இதுதான் வழி.

தபால் செலவைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்து படத்துக்கு இது கட்டுப்படியாகாது. மொத்தமாக ஏற்றும்போது வெட்டுச் சட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் விழும். தப்பு தெரிவது பார்சல் வந்த அன்று. மறுபடி போடச் சொன்னாலும் மறுபடி தபால், மறுபடி காத்திருப்பு. அதனால் பெரிய ஆர்டருக்கு முன் நாலைந்து படம் மட்டும் அனுப்பி வாங்கிப் பாருங்கள்: ஒன்று வெயிலில் எடுத்தது, ஒன்று இரவில், ஒன்று முகம், ஒன்று கறுப்பு வெள்ளை. அந்த லேபின் கை எப்படி என்று புரிந்துவிடும். படங்கள் அவர்கள் சர்வரில் கணக்கோடு இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அழிக்க வசதி இருந்தால் அழித்துவிடலாம். ஆவணங்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், புத்தக அளவில் பல பிரதிகள் வேண்டுமென்றால் ஒழிய.

இதுவே சிறந்தது எப்போது: எண்ணிக்கை அதிகம், அளவு பெரிது, நாள் இருக்கிறது.

## நான்கு: வீட்டிலேயே பிரிண்டர்

‘பிரிண்டர் மலிவு, மை விலைதான்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது, பயன்படுத்தாமல் இருப்பதன் செலவு. இங்க்ஜெட் பிரிண்டரின் மை நுண்துளைகள் வழியாக வருகிறது. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் சுழற்சி ஒவ்வொன்றும் மையைக் குடிக்கும். ஆண்டுக்கு நாலு முறை பிரிண்ட் எடுக்கிறவர் வாங்கிய மையில் கணிசமான பங்கு தாளைத் தொடாமலே போய்விடும். பெட்டியில் எழுதியிருக்கும் பக்கக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பொதுவாகப் பக்கத்தில் சுமார் 5 சதவீதப் பரப்பில் மை படும் கணக்கு. தாள் முழுக்க மை குடிக்கும் படத்துக்கு அது பொருந்தாது. புதுப் பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜ் பல சமயம் முழுதாக நிரப்பியதும் அல்ல.

கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வேறு சாதி. டோனர் பொடி காயாது; மூன்று மாதம் மூடி வைத்துத் திறந்தாலும் முதல் பக்கமே ஒழுங்காக வரும். வீட்டில் அச்செடுப்பது பெரும்பாலும் ஆவணம் என்றால் வாங்க வேண்டியது இதுதான். படம் போட மட்டும் கியோஸ்க்குக்குப் போய்க்கொள்ளலாம். இந்த இரட்டை ஏற்பாடு பல குடும்பங்களுக்கு ‘எல்லாம் செய்யும்’ கலர் இங்க்ஜெட்டைவிட நிம்மதியானது என்பேன்.

கியோஸ்க்கில் இருக்கும் அதே ரிப்பன் தொழில்நுட்பத்தில், கேனன் செல்ஃபி போன்ற கையடக்கப் பிரிண்டர்களும் இருக்கின்றன. மஞ்சளாக எட்டிப் பார்க்கும் தாள் உள்ளே போய்ச் சிவந்து, மறுபடி போய் முழுப்படமாக வருவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ரிப்பனும் தாளும் ஒரே கணக்கில் சேர்ந்தே வருகின்றன, 108 தாளுக்கு ஏற்ற பொதி போல. அதனால் ஒரு படம் என்ன ஆகும் என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும். காய்வது, அடைப்பது என்ற பேச்சே இல்லை. 4×6 அளவைத் தாண்டாது என்பதுதான் எல்லை.

இதுவே சிறந்தது எப்போது: வாரம் தவறாமல் அச்செடுக்கிறீர்கள், அல்லது எடுப்பது வெளியார் கண்ணில் படக்கூடாத தாள். மருத்துவ அறிக்கை, வரிக் கணக்கு, உயில், வங்கி விவரம் இவற்றுக்கு வீட்டு லேசர் பிரிண்டரை மிஞ்சியது எதுவுமில்லை.

## ஒரே பார்வையில்

| | கியோஸ்க் | பிரிண்ட் கடை | ஆன்லைன் | வீடு |
|---|---|---|---|---|
| நேரம் | சில நிமிடம் (வரிசை இல்லையென்றால்) | கூட்டத்தைப் பொறுத்தது | நாள்கணக்கு | உடனே |
| படத் தரம் | சின்ன அளவில் நன்று | இயந்திரத்தைப் பொறுத்தது | மிக நன்று | தாளையும் மையையும் பொறுத்தது |
| எழுத்துத் தரம் | நன்று (ஆவணக் கியோஸ்க்) | நன்று | பொருந்தாது | லேசர் என்றால் நன்று |
| மறைந்த செலவு | தவறான வெட்டு, கூடுதல் பிரதி | கடையில் தங்கும் கோப்பு | தபால், மறு ஆர்டர் | காயும் மை, சுத்தச் சுழற்சி |
| ரகசியம் | சுமார் | கடைக்காரரைப் பொறுத்தது | கணக்கில் தங்கும் | சிறந்தது |
| தப்பைப் பிடிப்பவர் | நீங்கள் மட்டும் | நீங்களும் கடைக்காரரும் | யாருமில்லை | நீங்கள், பலமுறை |

## பாஸ்போர்ட் அளவுப் படம்: தனியாகப் பேச வேண்டியது

கியோஸ்க்கால் அதிகம் மிச்சம் பிடிப்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். பல நாடுகள் கேட்பது 35×45 மில்லிமீட்டர். வேறு சில 2×2 அங்குலம், அதாவது சுமார் 51×51. கியோஸ்க்கின் ரிப்பனில் ஒரு தாளுக்கு ஒரு கட்டு நிறம் போய்த்தான் ஆகும், தாளில் ஒரு முகம் இருந்தாலும் எட்டு முகம் இருந்தாலும். எனவே ஒரு 4×6 தாளில் 35×45 படங்களை நான்கு நான்காக இரண்டு வரிசை அடுக்கி, சாதாரணப் படமாகப் போட்டுக் கத்தரித்துக்கொள்வது நெடுநாள் தந்திரம்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓரம் விடாமல் அச்சடிக்கும்போது, விளிம்பில் வெள்ளைக் கோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக இயந்திரம் படத்தைத் துளி பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். உங்கள் 35 மில்லிமீட்டர் 36 ஆகிவிடலாம். விண்ணப்பத்தில் முக உயரத்துக்கும் வரம்பு இருந்தால் இதுவே நிராகரிக்கப் போதும். 2×2 அங்குலப் படம் இன்னும் சங்கடம்: கணக்கில் ஆறு படம் 4×6 தாளில் கச்சிதமாக அடங்கும், நடைமுறையில் ஓரத்துப் படங்களில் வெளிப்பக்கம் வெட்டுப்பட்டுச் சதுரம் சதுரமாக இருக்காது. சுற்றிலும் வெள்ளை விட்டு நடுவில் இரண்டு மட்டும் வைத்துக்கொள்வது மேல். அச்சான தாளில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

பின்னணி நிறம், நிழல், கண்ணாடி, முகபாவம் பற்றிய விதிகளைக் கியோஸ்க் பார்ப்பதில்லை; பார்ப்பதாகச் சொல்லும் மென்பொருளும் உத்தரவாதம் தருவதில்லை. முதல்முறை விண்ணப்பிக்கிறீர்கள், கடைசி நாள் நெருங்கிவிட்டது என்றால் படம் எடுக்கிற கடைக்கே போய்விடுங்கள். ஏற்கெனவே ஏற்கப்பட்ட டிஜிட்டல் படம் கையில் இருந்து, இன்னும் நாலு பிரதி மட்டும் வேண்டும் என்றால் கியோஸ்க் போதும், ‘ஆட்டோ என்ஹான்ஸ்’ அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.